கடைசியில் ஏறுவது

மண்டபம் ரயில்வே கேட்டில், லோடு ஆட்டோவில் வைத்தே
பதினோராயிரத்துக்குக் கொடுத்தான்
தங்கச்சிமடம் டெனிஸ்டன்.
விசாவுக்கு அவசரம். கத்தாரில் படகு வேலையாம்.
கேபினெட்டின் திருகெல்லாம் உப்புக்காற்றில் பூத்திருந்தன.
பாஸ்வேர்டைக் கீபோர்டுக்கு அடியில்
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தான்.
"கேமை மட்டும் அழிச்சிராதீங்கண்ணே."
ஏன் என்று கேட்பதற்குள்
கேட் திறந்துவிட்டது.

எனக்கு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட்.
தடைக்காலம். அறுபத்தோரு நாளும்
அமோனியா மெஷின் அரைத்தூக்கத்தில் ஓடும்.
பகலில் எனக்கும் அவ்வளவுதான் தூக்கம்.
திறந்தேன்.

நூற்று நாற்பத்து மூன்று மாட்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவன் குறிப்பு.
'மழை. இதுக்கு மேல புல்லப் போடாத.'
'புல். சொன்னேன்ல, மழைக்குக் கீழ.'
'குதிரை, பழசு. புதுசு வேணாம்,
புதுசுல குதிர தண்ணி மேல நடக்குது.'
'இது எதுக்குன்னு தெரியல. எடுத்தா ஓட மாட்டேங்குது.'

விதி ஒன்றே ஒன்றுதான்:
ஒரே பொருளை இரண்டு பேர் தொட்டால்
கடைசியில் ஏறியவன் சொல்வது நிற்கும்.
எங்கள் வீட்டில் மூத்த அண்ணன் சொல்வதுதான் நிற்கும்.
அதனால் புரிய எனக்கு நாலு நாளாயிற்று.

அந்த நாலு நாளில்
மலையெல்லாம் கத்தரிப்பூ நிறமானது.
ஊர்த்தலைவர் கழுத்தில்லாமல் நின்று வரி கேட்டார்.
ஒரு பாலத்தில் கால் வைத்தால் போதும்,
உலகமே அணைந்து
டெனிஸ்டனின் படகுப் படம் போட்ட திரை வந்து நிற்கும்.

பாதியை அணை. ஓட்டு. பாலத்தில் நட.
செத்தால், குற்றம் மிச்சப் பாதியில்.
அதில் பாதியை அணை.
குழாய் குழாயாகக் கந்தகக் குச்சியைக் காட்டி
வெள்ளைப் புகை எங்கே எழும்புதென்று
வாயுக்கசிவு தேடுவேனே,
அதே வேலைதான். இருமல் மட்டும் இல்லை.

புகை எழும்பிய இடம்: நூற்று நாற்பத்து மூன்றாவது.
கடைசி.
'டெனி ஒன்று' என்று பெயர்.
பக்கத்தில் குறிப்பு இல்லை.
உள்ளே ஒரே ஒரு சத்தம்.

அதை அணைக்கப் போனால் ஒரு பெட்டி எழும்பியது.
தமிழில் சொன்னால்:
இந்தச் சேமிப்பு
இப்போது இல்லாத ஒன்றை நம்பியிருக்கிறது.
தொடரலாமா?

வேண்டாம் என்று அமுக்கினேன்.
மேலே நாற்பதாவது இடத்தில் இன்னொரு சத்தக்காரன்,
இதோடு மல்லுக்கு நின்றவன். அவனை இறக்கிவிட்டேன்.
பாலம் தாங்கியது.

பாலத்துக்கு அந்தப்பக்கம் பனிமலை.
அந்தி. கையில் வில், மூன்றே அம்பு.
மேகத்துக்குள் முதலில் நிழல்,
பிறகு
டொக் டொக் டொக் டொக் டொக்
ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்,
நடுவில் எவனோ கத்துகிறான்: "கயித்த விடுறா, கயித்த!"
சிறகை விரித்து
என்முன் இறங்கியது டிராகன்.

சிரித்துக்கொண்டே எரிந்து செத்தேன்.
திரும்ப ஏற்றினேன். திரும்பச் செத்தேன்.
எந்தப் படகோ, யார் குரலோ.
போன் போட்டுக் கேட்கலாம். நம்பர் இருக்கிறது.
கேட்கவில்லை.
காலியாகக் கிடந்த குறிப்பில்
'தொடாத' என்று மட்டும் எழுதினேன்,
அவன் எழுதுகிற மாதிரியே.

தடை முடிந்து இரண்டாம் விடியல்.
சறுக்குப் பலகையில் ஐஸ் பாரைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.
வடக்குக் கடலில், இருட்டுக்குள்ளிருந்து,
ஒன்று, பிறகு ஏழெட்டு, பிறகு எண்ண முடியாதபடி
டொக் டொக் டொக்.

கையில் கொக்கியோடு
வானத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"மழையா வருது?" என்று
லோடு ஏற்ற வந்த களஞ்சியமும்
அண்ணாந்து பார்த்தான்.